பிஸ்லியில் எண்ணிய கோதுகள்

"மாமா, துவக்கு எண்டவுடனை பயப்பிடாதேங்கோ. மனுசன் சரியான சாது" என்றான் மருமகன். இங்கிலாந்தில் அவனுடைய வீட்டில் தங்கியிருந்த சமயம், அயலில் வசிக்கும் ஓய்வுபெற்ற இரசாயனவியல் ஆசிரியர் ஒருவர் என்னைத் தமது பட்டறையைப் பார்க்க அழைத்திருந்தார். நெடுந்தூரக் குறிசூட்டுப் போட்டிகளுக்கான ரவைகளைத் தாமே கையால் தயாரிப்பவர் அவர். அங்கே இதற்கெல்லாம் பொலிஸாரின் அனுமதிப்பத்திரம் வேண்டும். எத்தனை ரவைகளை வைத்திருக்கலாம் என்பது கூட அதில் குறிக்கப்பட்டிருக்கும்.

1990களில் செய்தி சேகரிக்கச் சென்ற இடங்களில், வீதியோரம் கிடக்கும் வெற்றுக் கோதுகளை எண்ணிக் குறித்துக்கொள்வது எனது வழக்கம். யார் சுட்டது என்று எழுத முடியாத நாட்களில், எத்தனை கோதுகள் கிடந்தன என்றாவது எழுதலாம் அல்லவா? பெரும்பாலும் அந்த வரியும் அச்சேறியதில்லை.

ஆசிரியரின் மேசையிலும் கோதுகளே வரிசையாக நின்றன. சுடும்போது பித்தளைக் கோது விரிந்து துவக்கின் உட்சுவரோடு ஒட்டிக்கொள்கின்றது. அதனை அச்சில் இட்டுப் பழைய அளவுக்குச் சுருக்க வேண்டும். நீண்டுவிட்ட கழுத்தை வெட்டிச் சமப்படுத்த வேண்டும். பின்னர் அடியில் புதிய பிறைமர், உள்ளே நிறுத்து இட்ட வெடிமருந்து, வாயில் சன்னம். மருந்தை அவர் கிரெய்ன் கணக்கில் நிறுத்தார். ஒரு கிரெய்ன் என்பது 0.0648 கிராம், அதில் பத்திலொரு பங்கைக் கூட அவர் விட்டுக்கொடுக்கவில்லை. புறப்படும் வேகம் செக்கனுக்கு 15 மீற்றர் குறைந்தால், 1000 யார் தூரத்தில், அதாவது 914 மீற்றரில், சன்னம் ஏறத்தாழ ஓர் அடி தாழ்ந்து விழும் என்றார்.

சரியான மருந்தளவை எவ்வாறு கண்டுபிடிப்பது என்று கேட்டேன். கைந்நூலில் உள்ள குறைந்த அளவில் தொடங்கி, சிறிது சிறிதாகக் கூட்டிச் சுட்டுப் பார்ப்பாராம். அவசரப்பட்டு ஏற்றினால் துவக்கே வெடிக்கக்கூடும். மூன்று சன்னங்கள் ஒரே இடத்தில் விழுந்தாலும் அவர் நம்புவதில்லை. வேறொரு நாளில் மீண்டும் சுடுவார். ஒருவர் சொன்னதை மட்டும் வைத்துத் தலைப்புப் போடும் எமது இளம் நிருபர்களை இவரிடம் ஒரு மாதம் அனுப்பிவைக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் பிஸ்லிக்குப் போனோம். 1890 முதல் பிரித்தானியத் தேசிய றைபிள் சங்கத்தின் போட்டிகள் நடைபெறும் இடம் அது. ஸ்டிக்கிள்டவுன் என்னும் நெடுந்தூரத் திடலில் இலக்குகள் வெகு தொலைவில் சிறு சதுரங்களாகத் தெரிந்தன. அவர் தரையில் படுத்து, கொடிகள் அசைவதை நெடுநேரம் பார்த்திருந்து சுட்டார். முதல் வெடிக்கு நான் குனிந்துவிட்டேன். காதுகளில் கவசம் இருந்தும் உடம்பு கேட்கவில்லை. எவரும் சிரிக்கவில்லை. சன்னம் நடுவிலிருந்து இடப்பக்கம் விலகியிருந்தது. மருந்தில் பிழையில்லை, காற்றைத்தான் தவறாகக் கணித்துவிட்டேன் என்றார்.

சுட்டு முடித்ததும் கோதுகளை எண்ணி, ஐம்பது குழிகள் கொண்ட பெட்டியில் அடுக்கினார். கடைசியாகச் சுட்டதை ஞாபகத்துக்கு வைத்திருக்கும்படி என்னிடம் நீட்டினார். இளஞ்சூடு இருந்தது. கட்டுநாயக்கா விமான நிலையத்தில் பையைத் திறந்து கேட்டால் நான் என்ன விளக்கம் சொல்வது? திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவர் அதனைக் குழிக்குள் வைத்து, நான்காவது முறை சுடப்பட்டது எனக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.