வாட்ஸ் கேட்பவரும் ஓம் பார்ப்பவரும்

தாம்பரத்தை ஒட்டிய முடிச்சூர், சேலையூர், மாடம்பாக்கம் தெருக்களில் பகல் முழுக்கக் கேட்கும் குரல்களில் பெரும்பாலானவை மெமரி கார்டில் இருந்து வருபவை. டிவிஎஸ் எக்ஸ்எல்லின் பின்னால் உப்பு மூட்டையோ பூண்டோ பழைய இரும்போ இருக்கும். முன்னால் ஒரு குழாய் ஸ்பீக்கர், காலடியில் ஒரு பேட்டரி, நடுவே உள்ளங்கை அளவு ஆம்ப்ளிஃபயர் போர்டு. இந்த செட்டைக் கட்டித் தருவது சந்துகளில் இருக்கும் சின்ன ரிப்பேர் கடைகள்தான். சரக்கு சென்னை ரிச்சி தெருவிலிருந்து வரும், இல்லையென்றால் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழையதாகக் கிடைக்கும். வாங்க வருபவர் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை வாட்ஸ்ணே?" என்பதுதான். கடைக்காரர் பதில் சொல்லாமல் ஸ்பீக்கரை வாங்கி மல்டிமீட்டரில் வைத்து ஓம் பார்க்கிறார். அவருடைய தொழில் அந்த மீட்டரில்தான் இருக்கிறது என்பது என் கட்சி. வாட்ஸ் என்பது அட்டைப்பெட்டியின் மொழி.

கணக்கைப் பார்த்தால் புரியும். வண்டியில் இருப்பது 12 வோல்ட். ஸ்பீக்கரின் இரண்டு முனைகளையும் எதிரெதிராக இழுக்கும் பிரிட்ஜ் முறையில் கட்டினாலும் அலையின் உச்சம் 12 வோல்ட்டைத் தாண்டாது. ஆர்எம்எஸ் கணக்கில் அது எட்டரை வோல்ட். அதை அதனாலேயே பெருக்கி ஓமால் வகுத்தால், 4 ஓம் ஸ்பீக்கரில் 18 வாட்ஸ், 8 ஓமில் 9, 16 ஓமில் நாலரை. பிரிட்ஜ் இல்லையென்றால் இதிலும் கால்வாசிதான். ஐசி தன் பங்குக்குக் கொஞ்சம் விழுங்கும். தமிழ்நாட்டில் ரேடியோ வேலை பழகிய எவரும் கைவைத்திருக்கக்கூடிய 4440 ஐசிக்கு, அதைச் செய்த சான்யோ நிறுவனமே 13.2 வோல்ட்டில் 4 ஓமுக்கு 19 வாட்ஸ் என்றுதான் எழுதியது. 200 வாட்ஸ் என்று அச்சடித்த போர்டை வாங்கி அதே பேட்டரியில் மாட்டினாலும் இந்தக் கூரை உயராது. உயர்த்த வேண்டுமானால் வோல்ட்டேஜை ஏற்றும் தனி சர்க்யூட் வேண்டும், அதற்குப் பெரிய பேட்டரி வேண்டும். வண்டிகளில் அதிகம் காணப்படும் 12 வோல்ட் 7 ஏஎச் யுபிஎஸ் பேட்டரியில் இருப்பது மொத்தமே 84 வாட்-அவர்.

அப்படியானால் 16 ஓம் குழாய் ஸ்பீக்கர் நாலரை வாட்ஸில் தெருக்கோடி வரை எப்படிக் கேட்கிறது? குழாயின் வேலை அது. சாதாரணப் பெட்டி ஸ்பீக்கர் ஒரு வாட்ஸ் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 90 டெசிபல் அளவுக்கு ஒலிக்கும். நல்ல குழாய் 105, 110 வரை போகும். 10 டெசிபல் கூடுவதென்றால் பத்து மடங்கு வாட்ஸ் என்று பொருள். ஆகவே 20 டெசிபல் முன்னால் நிற்கும் குழாய்க்கு ஒரு வாட்ஸ் கொடுப்பதும் பெட்டிக்கு நூறு வாட்ஸ் கொடுப்பதும் ஒன்று. சந்தையில் மலிவாகக் கிடைத்த குழாய் சில நேரம் ஈனஸ்வரத்தில் முனகும். அது முன்பு ஏதாவதொரு கட்டடத்தில் 100 வோல்ட் ஒலிபெருக்கி லைனில் தொங்கியதாக இருக்கலாம். உள்ளே டிரான்ஸ்பார்மர் இருக்கும். அதன் 15 வாட்ஸ் இணைப்பு முனையில் (டேப்) அது போர்டுக்கு 660 ஓமுக்கு மேல் காட்டும். போய்ச் சேர்வது பத்தில் ஒரு வாட்ஸ். "ஆம்ப் வீக்" என்று சொல்லி இன்னொரு போர்டு வாங்குகிறவர் பணத்தை வீணடிக்கிறார். டிரான்ஸ்பார்மரை விலக்கி, குழாயின் டிரைவர் யூனிட்டுக்கு நேராக ஒயர் கொடுத்தாலே போதும்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, அனுபவஸ்தர்களே சொல்வது: ஆம்ப் சின்னதாக இருந்தால் அலையின் தலை வெட்டுப்பட்டு ஸ்பீக்கர் காயில் கருகும், அதனால் பெரிதாகவே போடு என்று. மேடைக் கச்சேரி செட்டுக்கு இதில் உண்மை இருக்கிறது. வெட்டுப்பட்ட அலை முழுச் சதுரமாகிவிட்டால் சக்தி இரட்டிப்பாகும். ஆனால் 16 ஓம் யூனிட்டில் நாலரை இரட்டித்தாலும் 9 வாட்ஸ்தான். 30 வாட்ஸ் தாங்கும் யூனிட் அதில் ஏன் கருக வேண்டும்? குழாய் யூனிட்டைக் கொல்வது பெரும்பாலும் பேஸ். குழாயின் அளவு தாங்கும் எல்லைக்குக் கீழே உள்ள தாழ்ந்த ஒலியில் டயாஃப்ரத்துக்குக் காற்றின் பிடி இல்லாமல் போகிறது. அது கட்டுமீறி ஆடி உடைகிறது. வியாபாரக் குரலுக்கு நடுவே பாட்டும் ஓடவிட்டால் ஆயுள் குறையும். மருந்து ஒரு கெப்பாசிட்டர்: 16 ஓமுக்குத் தொடராக 33 மைக்ரோஃபாரட் வைத்தால் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே அடங்கிவிடும். துருவமில்லாத கெப்பாசிட்டர் கிடைக்காத நாளில் சாதாரண 68 மைக்ரோஃபாரட் இரண்டை மைனஸோடு மைனஸ் சேர்த்துப் பற்றவைத்தால் 34 வந்துவிடும். ஓம் பார்ப்பதில் தொடங்கி இந்தக் கெப்பாசிட்டர் வரை எல்லாவற்றுக்கும் பெயர்தான் மேட்சிங், விலை டீக்காசுக்குள்.

அமெரிக்காவின் ஹார்லி போன்ற நெடுஞ்சாலை பைக்குகளிலும் இதே 12 வோல்ட் சிக்கல்தான். அங்கே பலர் எதிர்த்திசையில் போய் 2 ஓம் ஸ்பீக்கர்களைப் போடுகிறார்கள். ஓம் பாதியானால் வாட்ஸ் இரட்டிக்கும், கரண்டும் இரட்டிக்கும். எஞ்சின் ஓடி பேட்டரியை நிரப்பிக்கொண்டே இருக்கும் வண்டிக்கு அது பொருந்தும். கேட்பவரும் ஓட்டுபவரேதான். எஞ்சினை அணைத்துவிட்டுத் தெருமுனையில் நின்று வெங்காயம் நிறுக்கும் வண்டிக்கு அந்த வைத்தியம் ஒத்துவராது.

இன்னொரு மறுப்பு கடினமானது. ஏற்கெனவே காது கிழிகிறது, இதில் திறமையாக ஒலிக்க வேறு வழி சொல்ல வேண்டுமா? ஒலி மாசு விதிகள் 2000-இல் வந்தவை. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல்தான் வரம்பு; ஒலிபெருக்கி வைக்க எழுத்துமூல அனுமதி வேண்டும்; மருத்துவமனை, பள்ளியைச் சுற்றி 100 மீட்டரை அமைதி மண்டலமாக அறிவிக்கலாம். தாம்பரம் சானடோரியம் மருத்துவமனைப் பக்கம் போகும் வண்டிகளுக்கு இது நேரடியாகப் பொருந்தும். நம் குழாயோ நாலரை வாட்ஸில் 30 மீட்டர் தள்ளியும் 87 டெசிபல் வரை காட்டக்கூடியது. ஆகவே விடை வாட்ஸைக் குறைப்பதில்தான் இருக்கிறது, அதற்கு மேட்சிங் தேவைப்படுகிறது. பேச்சு புரிவதற்கு வேண்டிய அலைகள் பெரும்பாலும் 500 முதல் 4,000 ஹெர்ட்ஸுக்குள் அடங்கும். அந்த இடம் சுத்தமாக இருந்தால் அரை வாட்ஸிலேயே "பூண்டு" என்பது பூண்டாகக் காதில் விழும். கரகரத்தால்தான் வியாபாரி வால்யூமைத் திருகுகிறார், திருகினால் இன்னும் கரகரக்கிறது, வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்துகிறார்.

சிக்கல் கடையின் கணக்கில் இருக்கிறது. போர்டு விற்றால் லாபம் நிற்கும். மீட்டர் வைத்துப் பார்த்ததற்கும், டிரான்ஸ்பார்மரைக் கழற்றியதற்கும், கெப்பாசிட்டர் சொன்னதற்கும் யாரும் தனியாகக் கூலி தருவதில்லை. அதனால் விவரம் தெரிந்த கடைக்காரரும் சில நாள் பேசாமல் பெரிய போர்டையே எடுத்துக் கொடுத்துவிடுகிறார்.