இரண்டில் ஒன்று

மனித உடம்பில் கண்ணுக்கும் இதயத்துக்கும் கிடைத்திருக்கும் கௌரவம் மற்ற உறுப்புகளுக்குக் கிடைக்கவில்லை. கண்ணைப் பாடாத கவிஞர் இல்லை. இதயத்தைப் பறிகொடுக்காத சினிமாக் கதாநாயகன் இல்லை. பயந்தவர்களுக்கு ஈரக்குலை நடுங்குகிறது; பசித்தவர்களுக்குக் குடல் காய்கிறது. பாவம், சிறுநீரகத்தை மட்டும் யாரும் சீந்துவதில்லை. அதன் பழைய பெயர் குண்டிக்காய். நாலு பேர் நடுவில் அந்தப் பெயரைச் சொல்லக் கூச்சப்பட்டு, 'கிட்னி' என்று சொல்லித் தப்பித்துக்கொள்கிறோம்.

ஆனால் அது செய்யும் ஊழியத்தைக் கேளுங்கள். விலா எலும்பின் கீழ்ப்புறம், முதுகை ஒட்டினாற்போல், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு. ஒவ்வொன்றும் மூடிய கையளவு. எடை சுமார் 150 கிராம். இந்த இரண்டும் சேர்ந்து நாள் ஒன்றுக்கு ஏறக்குறைய 180 லிட்டர் நீரை ரத்தத்திலிருந்து வடிகட்டி, ஒன்றரை லிட்டர் போல வெளியே அனுப்பிவிட்டு, மிச்சம் அத்தனையையும் உடம்புக்கே திருப்பிக் கொடுத்துவிடுகின்றன. இவ்வளவு சிக்கனமான குடும்பத் தலைவி எந்த வீட்டில் இருக்கிறாள்?

இந்த விவரங்களை நான் சுகமாக உட்கார்ந்து படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. மூன்று வருஷங்களுக்கு முன்பு, என் முப்பத்து நாலாவது வயதில், என் இடது சிறுநீரகத்தில் புற்றுநோய் கண்டது.

கண்டது என்றால் தேடிக் கண்டதல்ல. மேல் வயிற்றில் அடிக்கடி வலி. பித்தப்பையில் கல் இருக்கிறதா என்று பார்க்க ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். கருவியை வயிற்றில் உருட்டிக் கொண்டிருந்த பெண் டாக்டர் இடது பக்கம் வந்ததும் பேச்சை நிறுத்திவிட்டார். "பித்தப்பை சுத்தமாக இருக்கிறது அம்மா. ஆனால் கிட்னியில் ஒரு கட்டி தெரிகிறது. 5 சென்டிமீட்டர். சி.டி. ஸ்கேன் எடுத்துவிடுங்கள்" என்றார்.

இந்த நோயின் சுபாவமே இதுதான். சிறுநீரில் ரத்தம், விலாவில் வலி, கைக்குத் தட்டுப்படும் கட்டி என்று மூன்று அடையாளங்களை வைத்திய நூல்கள் சொல்கின்றன. மூன்றும் ஒன்றாகத் தென்படுவது அபூர்வம். தென்பட்டால் நோய் முற்றியிருக்கக் கூடும். இன்று கண்டுபிடிக்கப்படுபவற்றில் பாதிக்கு மேல், என்னுடையதைப் போல, வேறு எதற்கோ படம் எடுக்கப்போய் அகப்பட்டவைதாம். திருடனைத் தேடி வந்த போலீஸ்காரன் கண்ணில் கொலைகாரன் பட்ட கதை.

வீட்டுக்கு வந்து சமாசாரத்தைச் சொன்னேன். என் கணவர் ஒரு வார்த்தை பேசாமல் காகிதத்தை வாங்கி, மேலிருந்து கீழாக மூன்று முறை படித்தார். மாமியார் மட்டும் கேட்டார்: "எந்த ஜன்மத்துப் பாவமோ! சிகரெட்டா, சாராயமா, நீ என்ன செய்தாய்? ஒருவேளை அந்த ஓட்டல் சாப்பாடு..."

பெண்ணாய்ப் பிறந்தவளுக்கு வியாதி வந்தால் முதலில் விசாரணை, அப்புறம்தான் வைத்தியம். புகை பிடித்தல், அதிகப் பருமன், உயர்ந்த ரத்த அழுத்தம் ஆகியவை இந்த நோய்க்கு வழி திறந்துவிடுகின்றன. சில குடும்பங்களில் பரம்பரைக் கோளாறு ஒன்றும் உண்டு. இவை எதுவும் இல்லாதவர்களுக்கும் வருகிறது. ஆண்களுக்கு ஏறக்குறைய இரு மடங்கு அதிகமாக வருகிறது. "எனக்கு ஏன் வந்தது?" என்று நான் கேட்டதற்கு டாக்டர், "காரணம் தெரியவில்லை. தெரிந்தாலும் சிகிச்சை இதேதான்" என்றார். அந்தப் பதிலில் எனக்கு ஒரு விடுதலை இருந்தது. அதை அப்படியே மாமியாரிடம் சொன்னேன். அவர் அன்றிலிருந்து பாவத்தை விட்டுவிட்டு, வேண்டுதலைப் பிடித்துக்கொண்டார்.

அடுத்தபடியாக, வியாதியின் பெயர். எங்கள் வீட்டில் அதை யாரும் சொல்லவில்லை. 'அது' என்றார்கள்; 'அந்தக் கட்டி' என்றார்கள். தொலைபேசியில் உறவினர்களிடம் 'சின்ன ஆபரேஷன்' என்றார்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துக்கத்தை நெஞ்சில் வைத்திருந்து, அடையாற்றில் புற்றுநோய் நிலையத்தைத் தொடங்கியது 1954-ல். எழுபது வருஷங்களுக்கு அப்புறமும் பட்டணத்துப் படித்த குடும்பம் ஒன்று அந்தப் பெயரைச் சொல்ல அஞ்சுகிறது என்றால் என்ன சொல்வது?

என் பெண்ணுக்கு அப்போது ஒன்பது வயது. அவளிடம் நானே சொல்வது என்று தீர்மானித்தேன். பாதி கேட்ட குழந்தை மீதியைத் தானே கற்பனை செய்துகொள்ளும். அந்தக் கற்பனை நிஜத்தைவிடப் பயங்கரமானது. "அம்மா கிட்னியில் புற்றுநோய்க் கட்டி இருக்கிறது. டாக்டர் அதை எடுத்துவிடப் போகிறார்" என்றேன்.

"எனக்கு ஒட்டுமா?"

"ஒட்டவே ஒட்டாது."

"எடுத்த கிட்னியை என்ன செய்வாங்க?"

"பரிசோதனைக்கு அனுப்புவாங்க. அது ஒரு பரீட்சை மாதிரி."

"பாஸ் பண்ணுமா?"

இந்தக் கேள்விக்குத்தான் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அவளை இழுத்து அணைத்துக்கொண்டேன். அந்த ராத்திரி நெடுநேரம் தூங்காமல், அவள் கல்யாண வயதுக்கு வர எத்தனை வருஷம் என்று விரல் விட்டு எண்ணிக் கொண்டிருந்தேன்.

டாக்டரிடம் போகும்போது ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துப் போனேன். பத்திரிகைக்காரப் புத்தி! முதல் கேள்வி: "சதை எடுத்துப் பார்க்க வேண்டாமா?" அநேகமாக வேண்டியதில்லையாம். சி.டி. படமே பெரும்பாலும் போதிய அளவு சொல்லிவிடுகிறது. சந்தேகமானால்தான் ஊசி போட்டு எடுப்பார்கள். இரண்டாவது: "கட்டியை மட்டும் எடுக்க முடியாதா?" 4 சென்டிமீட்டருக்கு உட்பட்ட கட்டிகளில் கூடுமானவரை அப்படித்தான் செய்கிறார்கள், அதற்கு மேற்பட்டவற்றிலும் இடம் பார்த்துச் செய்வதுண்டு. என் கட்டியோ சிறுநீரகத்தின் நடுவில், பெரிய ரத்தக் குழாய்கள் நுழையும் வாசலிலேயே உட்கார்ந்திருந்தது. "முழுவதையும் எடுப்பதுதான் பத்திரம்" என்றார்.

மூன்றாவது கேள்வி நீங்களே ஊகித்திருப்பீர்கள்: "ஒன்றை வைத்துக்கொண்டு வாழ முடியுமா?"

இதே கேள்வியை 1869-ல் ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரில் குஸ்தாவ் சைமன் என்ற டாக்டர் தம்மையே கேட்டுக்கொண்டார். முதலில் நாய்களிடம் ஒரு சிறுநீரகத்தை எடுத்துப் பார்த்தார், அவை பிழைத்திருந்தன. அதன் பிறகுதான் வேறொரு கோளாறினால் அவதிப்பட்ட ஒரு பெண்மணிக்கு அந்த ஆபரேஷனைச் செய்தார். அவளும் பிழைத்தாள். 1954-ல் பாஸ்டன் நகரில், இரட்டைச் சகோதரர்களில் ஒருவர் மற்றவருக்குச் சிறுநீரகம் தானம் செய்து, ஒன்றோடு வாழ்ந்து காட்டினார். மிஞ்சிய சிறுநீரகம் சற்றுப் பெருத்து, போனதன் வேலையில் பெரும் பகுதியைத் தன் தலையில் போட்டுக்கொள்கிறது. கூட்டுக் குடும்பத்து மூத்த மருமகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை!

ஆபரேஷன், வயிற்றில் சில சிறு துளைகள் இட்டுச் செய்யும் முறையில் நடந்தது. 1990-ல் அமெரிக்காவில் ரால்ஃப் கிளேமன் என்பவர் முதன்முதலில் இப்படிச் சிறுநீரகத்தை எடுத்தார். நாலாம் நாள் வீடு திரும்பினேன். பரீட்சை முடிவு பத்து நாளில் வந்தது. இந்நோயில் மிகவும் சாதாரணமான வகை; கட்டி சிறுநீரகத்துக்கு வெளியே பரவவில்லை; முதல் கட்டம். என் பெண் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "பாஸ்!" என்றாள்.

"இனி என்ன மருந்து?" என்று கேட்டேன்.

"மருந்து ஒன்றுமில்லை. ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஸ்கேன். அப்புறம் வருஷத்துக்கு ஒரு முறை."

இது எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். ஆனால் மருந்தை விழுங்கினால் ஏதோ செய்கிறோம் என்ற தைரியமாவது இருக்கும். வெறுமே காத்திருப்பதற்கு யாரும் பழக்கித் தருவதில்லை. ஸ்கேனுக்கு ஒரு வாரம் முன்பு வீட்டில் எல்லோரும் என்னிடம் அநியாயத்துக்கு அன்பாக இருப்பார்கள். முதுகில் சுளுக்கிக் கொண்டால், 'அங்கே வந்துவிட்டதோ?' என்று மனசு ஓடும். நான் எனக்கு ஓர் ஏற்பாடு செய்துகொண்டேன். பயப்படுவதற்கு அந்த ஒரு வாரம் மட்டும். மற்ற நாட்களில் பயத்துக்கு விடுமுறை. எல்லா நாளும் சரிவர நடப்பதில்லை. ஆனாலும் நடக்கிறது.

ஸ்கேன் எடுக்கும் இடத்துப் பெஞ்சில் ஓர் அம்மாளைச் சந்தித்தேன். அவருக்கு நோய் நுரையீரலுக்குப் பரவியிருந்தது. நாலு வருஷமாக மாத்திரை சாப்பிட்டு வருகிறார். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார்; வேலையை விடவில்லை. "உள்ளங்காலெல்லாம் எரியும். ருசி போய்விடும். பிரஷர் ஏறும். அதற்கென்ன, வாழ்கிறேனே!" என்றார்.

சாதாரணமாகப் புற்றுநோய்க்குத் தரும் ரசாயன மருந்துகளுக்கு இந்த நோய் மசிவதில்லை. ஒரு காலத்தில் பரவிய நோய்க்குச் செய்யக்கூடியது சொற்பமே. 1993-ல் பரம்பரை நோய்க் குடும்பங்களை ஆராய்ந்து ஒரு மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். இந்த நோயின் மிகச் சாதாரண வகையில் பெரும்பாலும் அதுதான் கெட்டுப் போயிருக்கிறது. அது கெட்டால், பிராணவாயு போதுமான அளவு இருக்கும்போதே செல்கள் 'மூச்சு முட்டுகிறது' என்று கூக்குரலிட்டுப் புதிய ரத்தக் குழாய்களை வரவழைத்துக் கட்டியை வளர்க்கின்றன. அந்தக் கூக்குரலை அடக்கும் மாத்திரைகள் அமெரிக்காவில் 2005, 2006-ம் வருஷங்களில் அனுமதி பெற்றன. உடம்பின் சொந்தக் காவற்படையை ஏவி விடும் ஊசி மருந்து 2015-ல் இந்த நோய்க்கு வந்தது. இவற்றின் அடிப்படை ஆராய்ச்சிகளுக்கு 2018-லும் 2019-லும் நோபல் பரிசுகள் கிடைத்தன. எல்லோருக்கும் எல்லாம் பலிப்பதில்லை; விலையும் சாமானியமில்லை. ஆனால் பெஞ்சில் என் பக்கத்தில் அமர்ந்து, விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த அந்த அம்மாளை நான் என் கண்ணாலேயே பார்த்தேன்.

சகோதரிகளுக்குச் சில வார்த்தைகள். சிறுநீரில் ஒரே ஒரு தடவை ரத்தம் தெரிந்தாலும், வலியே இல்லாவிட்டாலும், டாக்டரிடம் காட்டுங்கள். மாதவிலக்கு என்றோ, சூடு என்றோ நாமாகவே தீர்ப்பு எழுதிவிடுகிறோம். வெளியில் சொல்லக் கூச்சம் வேறு. ரத்தம் வந்தாலே புற்றுநோய் என்று அர்த்தமில்லை. கல்லாகவோ, கிருமியாகவோ இருக்கலாம். எதுவென்று டாக்டர் சொல்லட்டும்.

ஒற்றைச் சிறுநீரகத்தோடு வாழ்கிறவர்கள் ரத்த அழுத்தத்தை அடக்கி வைக்க வேண்டும். கிரியாட்டினின் பரிசோதனையைத் தவறவிடக் கூடாது. தலைவலி, மூட்டுவலி என்று கடையில் கேட்டு வாங்கி விழுங்கும் வலி மாத்திரைகளில் பல சிறுநீரகத்துக்கு ஆகாதவை. டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள். உப்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்கு உட்பட்டிருக்க வேண்டும் என்பது எல்லோருக்குமே உலக சுகாதார ஸ்தாபனத்தின் யோசனை. இதை நான் வாசித்துக் காட்டியபோது, மாமியார் பரணில் இருந்த ஆவக்காய் ஜாடியை ஒரு பார்வை பார்த்தார். மறுநாள் அது அடுத்த வீட்டுக்குப் போய்விட்டது. அவருக்கு ஆவக்காய் இல்லாமல் மோர்சாதம் இறங்காது என்பது எனக்குத் தெரியும். இதுவரை அதைப் பற்றி நாங்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

அடுத்த ஸ்கேன் தை மாதம். அதற்குள் தீபாவளி இருக்கிறது. பெண்ணுக்கு அரைப் பரீட்சை இருக்கிறது. வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டும். வேலை தலைக்கு மேல் கிடக்கிறது.