முதல் மணியை எடுக்கும் முன்

எங்கட உக்குவளையில மிளகுக்கொடி வைக்க முன்னமே கிளிசிரிடியா நட்டுவிடுவோம். பற்றிக்கொள்ள ஒன்று வேணும். பெப்டைட்டுக்கும் அப்படித்தான். 1963இல் மெரிஃபீல்ட் முதல் அமினோ அமிலத்தை நுண்ணிய பொலிஸ்டைரீன் மணியில் கட்டினார். மற்றவற்றை ஒவ்வொன்றாகக் கோர்த்தார். மிஞ்சியதைக் கழுவி ஊற்றினால் போதும். 1984இல் நோபல் பரிசு வந்தது.

எந்த மணி என்பதில்தான் விஷயமே இருக்கு. மணியில் ஒட்டிய முனை, வெட்டி எடுக்கும்போது வாங் ரெசினில் அமிலமாகும். ரிங்க் ரெசினில் அமைட்டாகும். பிரசவத்துக்குப் பிறகு இரத்தப்போக்கைக் கட்டுப்படுத்த எங்கட அம்மாமாருக்குக் கொடுக்கும் ஒக்சிடோசினில் ஒன்பது அமினோ அமிலங்கள். அந்த முனை அமைட்டு. வாங்கில் தொடங்கினால், ஒன்பதையும் பிழையில்லாமல் கோர்த்தாலும் கிடைப்பது ஒக்சிடோசின் இல்லை.

நீளமான சங்கிலி என்றால் இன்னொன்றையும் பார்க்கணும்: மணியில் நெருக்கிக் கட்டினால் சங்கிலிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். குறைவாகக் கட்டுவதே நல்லது.