தம்பியின் டென்னிஸ் மட்டை

சென்ற மாதம் அம்மா தொலைபேசியில் அழைத்தாள். "படிப்பை விட்டுவிட்டுப் பந்தாடப் போகிறேன் என்கிறான் உன் தம்பி. நீ சொன்னால் கேட்பான். நாலு வார்த்தை எடுத்துச் சொல்லுடா" என்றாள். குரல் தழுதழுத்தது.

தம்பி மதுரையில் இரண்டாம் ஆண்டு மாணவன். மாவட்டப் போட்டிகளில் டென்னிஸ் ஆடிக் கோப்பை வாங்கியவன். இனி உலகப் பந்தயங்களில் ஆடியே பிழைப்பதென்று முடிவு செய்துவிட்டானாம்.

வெறும் அறிவுரை எடுபடாது, கணக்கோடு சொல்வோம் என்று தாளும் பேனாவுமாக உட்கார்ந்தேன்.

உலகப் பந்தயங்களின் கீழ்ப்படியில் மொத்தப் பரிசே 15,000 டாலர்தான். அங்கே ஒற்றையர் பட்டம் வெல்பவருக்குச் சுமார் 2,000 டாலர். முதற் சுற்றில் தோற்பவருக்கு 200 டாலருக்கும் குறைவு. பயணம், தங்கும் அறை, சாப்பாடு, மட்டைக்கு நரம்பு, பயிற்சியாளர் சம்பளம் எல்லாம் ஆடுபவரின் கைப்பணம். முதற் சுற்றில் பாதிப் பேர் தோற்றே ஆகவேண்டும். அது ஆட்டத்தின் விதி. அந்தப் பாதிப் பேரும் கைப்பொருளை இழந்தே ஊர் திரும்புகிறார்கள்.

மேலே ஏறியவர் நிலை என்ன? நம் டில்லிக்கு அருகிலுள்ள ஜஜ்ஜரில் பிறந்தவர் சுமித் நாகல். 2023இல் ஒற்றையர் ஆட்டத்தில் இந்தியாவின் முதல்வர் அவரே. அவ்வாண்டு செப்டம்பர் வரை 24 பந்தயங்களில் ஆடி ஏறக்குறைய 65 லட்சம் ரூபாய் ஈட்டினார். ஊர் ஊராகச் சென்று ஆடுவதற்கோ ஆண்டுக்கு 80 லட்சம் முதல் ஒரு கோடி வரை வேண்டும். செப்டம்பரில், தம் வங்கிக் கணக்கில் இருப்பது 900 யூரோ, அதாவது சுமார் 80,000 ரூபாய்தான் என்று வெளிப்படையாகவே சொன்னார். நாட்டின் முதல்வருக்கே இந்த நிலை!

2024 முதல் உலகத் தரவரிசையின் முதல் 250 பேருக்குக் குறைந்தபட்ச வருமானத்தை உறுதி செய்யும் ஏற்பாடு வந்தது. 251ஆம் இடத்தில் இருப்பவர்?

இத்தனையும் எழுதி உறையை ஒட்டப் போனேன். கை தயங்கியது. அதே நாகல் 2024 ஜனவரியில் ஆஸ்திரேலிய ஓப்பனில் தரவரிசை பெற்ற பப்ளிக்கை வீழ்த்தினார். 1989இல் ரமேஷ் கிருஷ்ணன் அங்கே விலாண்டரை வென்றபின், எந்தக் கிராண்ட் ஸ்லாமிலும் வேறு இந்திய ஆண் எவரும் அப்படி வென்றதில்லை. இரண்டாம் சுற்றை எட்டியதற்கே 1,80,000 ஆஸ்திரேலிய டாலர் பரிசு. செப்டம்பரில் கணக்குப் பார்த்து நின்றிருந்தால் அந்த ஜனவரி ஏது?

நானும் ஆடியவன்தான். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வைக் காட்டி மட்டையைப் பரணில் போட்டேன். தம்பி முதன்முதலில் கையில் பிடித்தது நான் கைவிட்ட அந்த மட்டையைத்தான்.

கடிதத்தைக் கிழித்துவிட்டு வேறு எழுதினேன்: "பட்டம் வாங்க இன்னும் ஓராண்டு, அதுவரை படித்துக்கொண்டே ஆடு. பிறகு இரண்டாண்டு ஆடிப் பார். அம்மாவின் நகையை மட்டும் தொடாதே. என் உதவித்தொகையில் மாதம் 2,000 ரூபாய் அனுப்புகிறேன். கணக்கு இத்துடன் இருக்கிறது. இரண்டாண்டு முடிவில் நீயே பார்த்துக்கொள்."

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

நண்பர்களே, இவ்வூரில் பந்தயம் நடந்தால் முதற் சுற்றுக்கும் போய் அமருங்கள். தோற்கும் பாதிப் பேரில் ஒருவன் என் தம்பியாக இருக்கலாம்.