ஓர் உதாரணம் போதுமா?

நெடுந்தீவின் கல்வேலிகளில் சாந்து இல்லை. பவளக் கல்லின்மேல் கல்லாக அடுக்கிய அவ்வேலிகளுக்கிடையே நடந்து வளர்ந்தவர் நாம். ஒவ்வொரு கல்லும் தன் கீழுள்ள கற்களைப் பற்றியே நிற்கிறது; ஒன்று பிசகினாலும் வேலி சரியக்கூடும். கணித நிறுவலும் இத்தகையதே என்பதை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மெய்ப் பகுப்பாய்வு பயின்றபோது உணர்ந்தோம்.

அங்கு கற்ற தேற்றங்களிற் பல இன்று மறந்துபோயின. மறவாதது ஒன்று உண்டு. தொடர்ச்சியான வளைகோட்டிற்கு, சிற்சில புள்ளிகள் நீங்கலாக, எங்கும் தொடுகோடு வரையலாமெனப் பேரறிஞர்களும் நெடுங்காலம் நம்பினர். 1806இல் ஆம்பியர் அதனை நிறுவவும் முயன்றார். 1872இல் வையர்ஸ்திராஸ் பெர்லின் அக்கடமியில் ஒரு சார்பை எடுத்துக்காட்டினார்: எங்கும் தொடர்ச்சி உண்டு, எவ்விடத்தும் தொடுகோடு இல்லை. அந்த ஓர் உதாரணத்தால் பழைய நம்பிக்கை வீழ்ந்தது. அதனைக் கண்டவரோ பத்தாண்டுகளுக்கு மேல் சிற்றூர்ப் பள்ளிகளில் ஆசிரியராக இருந்தவர்!

“தீவுப் பிள்ளைகளுக்குக் கணிதம் ஏறாது” என்ற பேச்சைப் பட்டணத்தில் கேட்டே நாம் படித்தோம். நாம் பட்டம் பெற்ற அன்று அக்கூற்றுப் பொய்த்தது. அதனைப் பொய்யாக்க ஒருவர் போதும்.

ஆயின், குறிகட்டுவானிலிருந்து படகேறி ஊர் வந்து இறங்கியபோது வேறொரு கூற்று எம்மை எதிர்கொண்டது. “இவர் படிக்கவில்லையா? மனமிருந்தால் வறுமை ஒரு தடையா?” என்று எம்மைச் சுட்டிப் பிள்ளைகளுக்குப் புத்தி சொன்னார்கள் பெரியவர்கள். முதலில் மகிழ்ந்தோம், பின்னர் வெட்கினோம். ஓர் உதாரணம் பொதுக் கூற்றை வீழ்த்தும்; ஒருபோதும் நிறுவாது.

எம்மோடு ஒரே வாங்கில் இருந்தவன் ஒருவன், நாம் கணக்கை வாசித்து முடிக்குமுன் விடை சொல்லிவிடுவான். ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் நாம் பட்டணத்திலிருந்த மாமி வீட்டுக்குப் போனோம். அவனுக்குப் பட்டணத்தில் எவரும் இல்லை. கணித ஆசிரியர் இல்லாத வகுப்பில் சில ஆண்டுகள் இருந்துவிட்டுத் தகப்பனோடு கடலுக்குப் போனான். எம் பட்டத்திற்கு உழைப்பு வேண்டியிருந்தது. மாமி வீடும் வேண்டியிருந்தது. எம்மைப் புகழ்ந்தவர்கள் முதலாவதைச் சொன்னார்கள், இரண்டாவதை விட்டுவிட்டார்கள்.

ஆசிரிய நண்பர்களே, மாணவத் தோழர்களே! ஒருவரின் வெற்றியைப் பாராட்டும்போது அது எந்த நிபந்தனைகளின் மேல் நின்றது என்றும் கேட்போம். மாமி வீடு இல்லாத பிள்ளைக்கும் கணிதம் உரியது. அவன் கடல் கடந்து ஆசிரியரைத் தேடிப் போகவேண்டியதில்லை; ஆசிரியர் கடல் கடந்து வந்து, தீவிலே தங்கிக் கற்பிக்கும் நிலை வேண்டும்.