மதிலில்லாத பழைய ஊர்

வெள்ளி, இரவு

காலிக் கோட்டை மதில்மேல் நடந்துவிட்டு வந்த சிநேகிதி, "ஒங்க பதுளையில அப்பிடி என்னடி இருக்கு?" என்று கேட்டாள். மதில் இல்லைதான். ஆனால் காலியில் ஒல்லாந்தர் கோட்டை எழும்புமுன்பே பதுளை ஊவாச் சிற்றரசின் தலைநகர். 1630-இல் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா இந்த ஊருக்குத் தீ வைத்தான். திரும்பும் வழியில் ரந்தெனிவெலவில் கண்டிப் படையிடம் சிக்கி, தன் சேனையோடு மடிந்தான். 1818-இல் ஊவாக் கிளர்ச்சியை அடக்கிய ஆங்கிலேயர் வயல், வீடு, ஆடுமாடு எதையும் விடவில்லை. இரண்டு அழிவுக்குப் பிறகும் எது மிஞ்சியிருக்கிறது என்று நாளைக்கு நடந்தே பார்க்க வேண்டும்.

சனி, காலை

பசறை பஸ்ஸை விட்டு இறங்கி, முதலில் முதியங்கனை விகாரை. பௌத்தர்களின் பதினாறு புண்ணியத் தலங்களில் ஒன்று. அங்கிருந்து கதிர்காம தேவாலயம்; சுவரில் கண்டிக் காலத்து ஓவியங்கள். டவுனுக்குச் சாமான் வாங்க வந்த தோட்டத்துப் பெண்கள் இருவர் பையை ஓரமாக வைத்துவிட்டு, "முருகா" என்று கும்பிட்டுப் போனார்கள். தேவாலயத்தின் பூசகரான கபுறாளை ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கும் அது பழக்கம்போல.

அடுத்து சென்ட் மார்க்ஸ் தேவாலயம். மேஜர் ரொஜர்ஸ் நினைவாகக் கட்டியது. ஊவாவில் பாதைகள் போட்ட அதிகாரி. ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டதாகச் சொல்வார்கள். 1845-இல் அப்புத்தளையில் இடி விழுந்து செத்தார். அந்தப் பாதைகளில்தான் பிறகு கோப்பியும், கோப்பிக்கு நோய் வந்தபின் தேயிலையும் இறங்கின. தோட்ட வேலைக்கு எங்கள் ஆட்கள் ஏறி வந்தார்கள்.

சனி, மதியம்

தேடி வந்தது பொது நூலக வளாகத்தில் நிற்கிறது: ஒரு கல்தூண். மஹியங்கனைக்குப் பக்கத்தில் சொரபொர குளத்தருகே கிடைத்து, இங்கே கொண்டுவரப்பட்டது. நான்கு பக்கமும் நெருக்கமாக, இருநூறுக்கும் மேற்பட்ட வரிகள். பத்தாம் நூற்றாண்டு, நான்காம் உதயன் காலம். பாண்டியர் முடியைக் கேட்டுப் பராந்தக சோழன் படை அனுப்பியபோது, அதை எடுத்துக்கொண்டு உறுகுணைப் பக்கம் ஒதுங்கியவன் இவன்தான்.

தூணில் சண்டை பற்றிய பேச்சில்லை, சந்தை பற்றித்தான். மஹியங்கனை விகாரைக்கு வந்த அரசனிடம் ஹோபிட்டிகம சந்தை வியாபாரிகளும் குடிகளும் முறையிட்டிருக்கிறார்கள்: தண்டநாயகன் என்ற அதிகாரியின் ஆட்கள் வழக்கத்தை மீறிப் பறிக்கிறார்கள் என்று. அரசன் சட்டம் போட்டான். விற்க இறக்காத சரக்குக்குச் சுங்கம் இல்லை. அனுமதியில்லாத அளவையால் நிறுக்கக் கூடாது. வெற்றிலை பாக்கை அதற்குரிய கடைகளில்தான் விற்க வேண்டும். போயா நாளில் கடை திறந்தால், விகாரை விளக்குக்கு எண்ணெய் தண்டம்.

கோட்டை மதில் வெளியிலிருந்து வரும் எதிரிக்கு. உள்ளே இருக்கும் அதிகாரிக்கு மதில் யார் கட்டுவது? ஹோபிட்டிகமக்காரர்கள் கேட்டு வாங்கிய மதில் இந்தத் தூண்.

சனி, பின்னேரம்

சந்தை நெரிசல். சம்பளம் போட்ட வாரம். பசறை, ஹாலி-எல, ஸ்பிரிங்வெளி, தெமோதரை, எல்லாத் தோட்டத்து முகமும் இருக்கிறது. நெத்தலி நிறுத்த முதலாளியிடம் ஓர் அம்மா, "தட்டுல இருந்து கைய எடுங்க மொதலாளி" என்றார். முதலாளி சிரித்துக்கொண்டே எடுத்தார். முள் கொஞ்சம் கீழே வந்தது. இன்னும் நாலு நெத்தலி போட்டார்.

அதே அம்மா திங்கட்கிழமை தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் இப்படிச் சொல்ல முடியுமா? அங்கே சாக்குக்கு ஒரு கிலோ, தண்ணிக்கு ஒரு கிலோ என்று கழித்துவிட்டுத்தான் எழுதுவார்கள். கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம். காசு கொடுக்கும்போது தராசைக் கேள்வி கேட்கலாம். காசு வாங்கும்போது முடியாது.

ஞாயிறு

தூண் கதையை அம்மாவிடம் சொன்னேன். முப்பது வருஷம் கொழுந்தெடுத்தவர். சுங்கமும் சோழனும் அவருக்கு முக்கியமாகப் படவில்லை. அளவைச் சட்டத்தில் நிறுத்தினார்.

"ராசா தானா போட்டாரா, அவங்க கேட்டாங்களா?"

"கேட்டாங்க. எல்லாரும் சேர்ந்து போய்."

"அப்ப சரி," என்றார்.

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை அடுத்த மாதம் அந்தத் தூணுக்குக் கூட்டிப்போக அதிபரிடம் கேட்கப் போகிறேன். பாடத்தில் அரசன் பெயரை மனப்பாடம் செய்வார்கள். முறையிடப் போனவர்களைப் பற்றியும் அவர்களுக்குத் தெரிய வேண்டும்.