மலை மேல் போட்ட பழி

அச்சன்புதூர் வீட்டு மாடியிலிருந்து ஒரு வாரம் கூப்பிட்டுப் பார்த்தேன். ஒருத்தரும் பதில் சொல்லவில்லை. "மேக்க மலை மறிக்குதுல்லா" என்றார் அப்பா. சாரல் காலம் வேறு. நானும் நம்பிவிட்டேன். 7 மெகாஹெர்ட்ஸ் அலை மேலே அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பும், மலை பெரிய தடையில்லை என்று ஹாம் தேர்வுக்குப் படித்தவன்தான் நான்.

ஹைதராபாத் அஷர் ஃபர்ஹான், சுலபமாகக் கிடைக்கும் பாகங்களை வைத்து வடிவமைத்த பிட்எக்ஸ் டிரான்ஸீவரை 7 மெகாஹெர்ட்ஸுக்கு மாற்றிக் கட்டியிருந்தேன். 6 வாட் வரவேண்டும். வருகிறதா என்று அளக்கவேயில்லை.

ஒரு கிலோ ஓம் கார்பன் ரெசிஸ்டர் 20-ஐ இணையாகச் சேர்த்தால் 50 ஓம். ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு அதை மாட்டினேன். கூடவே ஒரு ஜெர்மானியம் டயோடு, ஒரு கெப்பாசிட்டர், வீட்டில் கிடந்த மல்டிமீட்டர். உச்ச வோல்ட்டின் வர்க்கத்தை 100-ஆல் வகுத்தால் வாட் கிடைத்துவிடும். 6 வாட்டுக்கு 24 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேல்.

மைக்கில் நீளமாக விசிலடித்தேன். மீட்டர் 2.7 காட்டியது. டயோடு விழுங்கும் 0.3-ஐயும் சேர்த்தால் 3. அதாவது 0.09 வாட்!

மலை பாவம். டிரைவர் பகுதியில் நான் வைத்த சால்டர்தான் ஒட்டவில்லை. திரும்ப ஒட்டியதும் மீட்டர் 24-க்கு ஏறியது.

ஆபீஸில் புரோகிராம் படுத்தால் முதலில் சர்வரைத் திட்டுகிறவன் நான். இப்போது திட்டுவதற்கு முன்னால் அளந்து பார்க்கிறேன்.